பௌர்ணமியைத் தேடிய கதை

போன வாரம் அம்மாவுக்குக் கிரிவலத் தேதி வேண்டியிருந்தது. கோயில் விழாக்களைப் பட்டியலிடும் ஒரு தளத்தில் 'பௌர்ணமி' என்று தேடினேன். 'முடிவுகள் இல்லை' என்றது. பௌர்ணமி இல்லாத கோயில் தளமா!

பக்கத்தைக் கையால் உருட்டிப் பார்த்தால் வரிக்கு வரி பௌர்ணமி. ஒன்றைப் பிரதியெடுத்துப் பெட்டியில் ஒட்டினேன், எல்லாம் வந்து கொட்டியது. இரண்டையும் மேலும் கீழும் வைத்து, ஒவ்வொன்றாக அழித்துப் பார்த்தபிறகுதான் பிடிபட்டது. நான் அடித்தது ப-வோடு ஒற்றை ஔகாரக் குறி. அவர்கள் அடித்தது ப, ஒற்றைக்கொம்பு, அதன் பின்னால் தனி ள. கண்ணுக்கு 'பௌ', 'பெள' இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு சொல். கௌரவம், மௌனம், சௌந்தர்யம் எல்லாவற்றுக்கும் இதே வம்பு. இப்போதெல்லாம் ஔகாரச் சொல் என்றால் இரண்டு விதமாகவும் தேடிவிடுகிறேன். தட்டச்சியவரைத் திட்டியும் பயனில்லை, நானே பல வருடம் அப்படித்தான் அடித்திருக்கிறேன்.

இன்னொன்று வேற்றுமை உருபு. 'குளம்' என்று தேடினால் 'குளத்தில்', 'குளத்தை' பல தளங்களில் சிக்காது. விக்கிப்பீடியாவில் 'குளத்' என்று அடித்து, இடைவெளி விடாமல் ஒரு நட்சத்திரக்குறி போடுவேன். மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். வேண்டாத சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி, சொற்றொடர் அப்படியே வேண்டுமென்றால் இரட்டை மேற்கோள்.

தேதியை அம்மாவிடம் சொன்னேன். "நாள்காட்டியிலேயே பார்த்துட்டேன்டா" என்றார்.