எதிர்வீட்டு அக்காவின் கால்

அன்றைக்கு நான் அப்படிப் பேசியிருக்காவிட்டால் அந்த வீட்டில் நான்கு பேரும் யானைக்கால் நோய்த் தடுப்பு மாத்திரை போட்டிருக்க மாட்டார்கள். இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டுவிட்டேன்.

“நல்லாத்தானே இருக்கோம், எதுக்கு மாத்திரை?” என்று அந்த அண்ணன் மூன்றாவது தடவையும் கேட்டார். பெரியவர்களுக்கு டிஇசி மாத்திரை 3, அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை 1. சாப்பிட்ட பிறகு, எங்கள் கண்முன்னாலேயே விழுங்க வேண்டும். கையில் கொடுத்துவிட்டு வந்தால் ஜன்னலிலேயே கிடக்கும். கியூலெக்ஸ் கொசு, உடம்புக்குள் புழு, வீக்கம் தெரிய வருஷக்கணக்காகும், எல்லாம் சொன்னேன். எடுபடவில்லை. அப்புறம்தான் எதிர்த் திண்ணைப் பக்கம் கையை நீட்டினேன். “இதைப் போடலைன்னா நாளைக்கு யானைக்கால்தான் அண்ணே. அந்த அக்கா காலைப் பாருங்க.”

நான்கு பேரும் விழுங்கினார்கள். நான் திரும்பியபோது அக்கா புடவையை இழுத்துக் காலை மூடிக்கொண்டிருந்தார்.

அந்தக் காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடைத்து, உயர்த்தி வைக்கச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். வந்த வீக்கம் மாத்திரையில் வடியாது. ஆனால் இப்படிப் பார்த்துக்கொண்டால் அடிக்கடி நெறி கட்டிக் காய்ச்சல் வருவது குறையும். நான் போனதும் தானாகவே காலை நீட்டிக் காட்டுவார். அடுத்த முறை போனபோது, “எல்லாம் சரியா இருக்கு நர்சம்மா, பார்க்க வேணாம்” என்றார்.

அந்தச் சொல்லை நானா உண்டாக்கினேன்? நோட்டீசில், பேனரில், பதிவேட்டில் எல்லாம் யானைக்கால் என்றுதான் இருக்கிறது. எலிபண்டியாசிஸ் என்றாலும் அதே யானைதான். தோல் தடித்து மடிப்பு விழுந்திருப்பதைப் பார்த்தவர்கள் வைத்த பெயர். பெண்ணின் நடைக்குப் பிடியின், அதாவது பெண் யானையின், நடையை உவமை சொன்ன மொழிதானே இது, இதில் என்ன இழிவு என்றுகூட யோசித்துப் பார்த்தேன். ஆனால் அங்கே பாடியது அழகை. நான் காட்டியது பயத்தை. பெயரைத்தானே சொன்னேன் என்பதும் பாதி உண்மைதான், கையையும் நீட்டினேன்.

சரி, சொல்லை மாற்றுவோம் என்று அடுத்த தெருவில் ‘கால் வீக்க மாத்திரை’ என்றேன். “எனக்கு எங்கம்மா வீங்கியிருக்கு?” என்று ஒரு பெரியவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். ‘கொசுவால் வரும் நோய்’ என்றால் டெங்குவா என்று கேட்டார்கள். மூன்றாவது வீட்டில் மறுபடி யானைக்கால் என்றேன். உடனே தண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்தத் தெரு முழுக்க அதையேதான் சொன்னேன். யாரையும் காட்டவில்லை. அந்தத் தெருவில் காட்டுவதற்கு யாரும் இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போனேன். குழாயடியில் சோப்பு ஈரமாக இருந்தது. கால் புடவைக்குள் இருந்தது. விரலிடுக்கில் புண் ஏதும் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். பார்க்காமலே, ‘புண் இல்லை’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டு வந்தேன்.