ஹூயிஸ் பார்க்கும் நாட்கள்

மே 12
எங்கள் பாய்க் கடையின் பெயரிலேயே வேறு ஒருவர் வைத்திருந்த இணையதளப் பெயர் காலாவதியாகிவிட்டது. டாட் காம்தான். எந்தப் பெயர் என்று இங்கே எழுத மாட்டேன். கண் பட்டுவிடும் என்பது பாதி, யாராவது தட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது மீதி.

மே 13
காலையில் ஹூயிஸ் (ஒரு இணையதளப் பெயர் எதுவரை, என்ன நிலையில் இருக்கிறது என்று காட்டும் பதிவு) பார்த்ததும் பகீரென்றது. காலாவதித் தேதி அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போயிருந்தது. மனுஷன் பணம் கட்டிவிட்டார், சோலி முடிந்தது என்று நினைத்துச் சாப்பிடாமலே கடைக்குப் போனேன். மத்தியானம் உட்கார்ந்து பொறுமையாகப் படித்த பிறகுதான் விளங்கியது. டாட் காம் பதிவேட்டை வைத்திருக்கும் வெரிசைன் நிறுவனம், தேதி முடிந்ததும் எல்லாப் பெயரையும் தானாகவே ஒரு வருஷம் நீட்டி எழுதிவிடுமாம். பெயரை அவருக்கு விற்றவர்கள் 45 நாளுக்குள் அழித்தால் அந்தக் கட்டணம் அவர்களுக்குத் திரும்பிவிடும். கீழே 'ஆட்டோ ரினியூ பீரியட்' என்று நிலை போட்டிருந்தது. தேதியைப் பார்க்கக் கூடாது, நிலையைத்தான் பார்க்க வேண்டும்.

ராத்தா, "டாட் இன் சும்மாதான கெடக்கு, அத வாங்கித் தொலையேம்ல" என்கிறாள். கடைப் பலகையில் இருப்பதும் பையில் அச்சடித்திருப்பதும் என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியாதா?

மே 20
பக்கத்தைத் திறந்தால் விளம்பரம். யோகா பாய் விற்கிறார்கள். பாய் நெய்யும் பத்தமடைக்காரனிடமே.

மே 27
பெயரை வைத்திருந்த அந்த ஆள் யாரென்றே தெரியவில்லை. பதிவில் பெயர், முகவரி எல்லாம் மறைத்திருக்கிறது. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அவருடைய பழைய பக்கம் கிடைத்தது. 1992 வெள்ளத்தில் எடுத்த படங்களை ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்கிறார். திருநெல்வேலி சுலோசன முதலியார் பாலம், செம்மண் நிறத்தில் தண்ணீர், கரையில் குடை பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிற கூட்டம். ஒரு படத்தின் மூலையில் யாருடைய கட்டைவிரலோ விழுந்திருக்கிறது. ஆற்றை வைத்துத்தான் அவரும் பெயர் வைத்திருக்கிறார், வாப்பாவும் வைத்திருக்கிறார். கடைசியாக எழுதியது 2013. அதற்குப் பிறகு ஒரு வரி இல்லை, ஆனால் பணம் மட்டும் வருஷா வருஷம் கட்டியிருக்கிறார். இந்த வருஷம் ஏன் கட்டவில்லை?

மே 28
உடம்புக்கு முடியாமல் இருக்குமோ.

ஜூன் 4
கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது. உம்மா கோரை ஊறப்போடப் போயிருக்கிறாள். மதுரைப் பார்ட்டிக்குப் பட்டுப்பாய், மாப்பிள்ளை பெண் பெயர் நெய்து. பாதி நெய்த பிறகு போன் வருகிறது, பெண் பெயரில் ஒரு எழுத்து கூடுதலாக வேண்டுமாம், ஜோசியர் சொன்னாராம். உம்மா ஒன்றும் பேசாமல் கோரையை ஒவ்வொன்றாக உருவி எடுத்தாள். நான் அவளுக்கு உதவாமல் போனை நோண்டிக்கொண்டிருந்தேன் என்று வாப்பா ஏசினார்.

இன்னொரு பயம். காலாவதியான பெயர்களை அழிக்காமல் விற்றவர்களே ஏலத்தில் தள்ளிவிடுவதும் உண்டாம். அப்படிப் போனால் அது யாரும் வாங்கும்படி வெளியே விழவே விழாது. ஏலப் பட்டியல்களைத் தேடிப் பார்த்தேன், இல்லை. பட்டியலில் இல்லை என்பதால் ஏலத்தில் இல்லை என்று ஆகிவிடுமா?

ஜூன் 7
ரெடெம்ப்ஷன்! பக்கமே திறக்கவில்லை, யோகா பாயும் போயிற்று. இனி 30 நாள். இந்த 30 நாளில் பழைய ஆள் மட்டும் மீட்கலாம், அதுவும் தண்டம் கட்டி. பெருநாள் பிரியாணியை இன்று இரண்டு தட்டு அடித்தேன்.

ஜூன் 16
இன்னும் மீட்கவில்லை.

ஜூன் 23
உம்மாவிடம் கடைசியில் முழுவதும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்த மனுஷன் மவுத்தாப் போயிருந்தா அவரு புள்ளைங்களுக்குத் தெரியுமாடா, இப்படி ஒண்ணு இருக்குன்னு?" என்றாள். இதற்கு என்ன பதில் சொல்வது. பழைய பக்கத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. அது அந்தப் பெயரிலேயே உள்ள முகவரி, பெயரோடு சேர்ந்து அதுவும் செத்துவிட்டது. எழுதினால் திரும்பி வரும். எழுதிப் பார்த்தேன், திரும்பி வந்தது. நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்ததே என்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஜூன் 30
வெள்ளப் படங்களை எல்லாம் இறக்கி வைத்துக்கொண்டேன். எதற்கென்று கேட்டால் தெரியாது.

ஜூலை 7
பெண்டிங் டெலீட். இனி அவரே வந்தாலும் மீட்க முடியாது. 5 நாளில் அழிந்து வெளியே விழும்.

பெயர் விழுந்ததும் நமக்காகப் பிடித்துத் தரும் முன்பதிவு சேவை ஒன்றில் பணம் கட்டி வைத்துவிட்டேன். கையால் தட்டி ஜெயிக்கிற விஷயம் இல்லை, பெயர் விழுந்த நொடிக்குள் இயந்திரங்கள் அள்ளிவிடும்.

ஜூலை 8
டவுனில் ஆனித் தேர். மதுரைப் பாயை பார்சலில் போடப் போனவன் போக்குவரத்தில் சிக்கி இரண்டு மணி நேரம் நின்றேன். நின்ற இடத்திலும் ஹூயிஸ்.

ஜூலை 11
நாளை ராத்திரி. டாட் காம் பெயர்கள் விழ ஆரம்பிப்பது அமெரிக்கக் கிழக்குக் கரையில் மதியம் 2 மணிக்கு, நமக்கு 11.30. மச்சான் வந்து கூட உட்காருகிறேன் என்கிறார். பரோட்டாவுக்காக.

ஜூலை 12
11.34. அதே நிலை.
11.41. அதே.
11.58. பெயர் போய்விட்டது, யாரோ எடுத்துவிட்டார்கள். யார் என்று காட்டவில்லை. மச்சான் தூங்கிவிட்டார்.

ஜூலை 13
எடுத்தது நான் பணம் கட்டிய சேவைதான்! ஆனால் அதே பெயருக்கு அவர்களிடமே இன்னொருவரும் முன்பதிவு செய்திருக்கிறாராம். இரண்டு பேர் இருந்தால் ஏலம், 3 நாள், எங்கள் இருவருக்குள் மட்டும். எதிராளி பெயர் காட்டமாட்டார்கள். தரகனாக இருக்கலாம். அந்தப் பழைய ஆளாகவும் இருக்கலாம், அல்லது அவர் பிள்ளைகளாக.

முதல் விலை எதிராளி சொல்லிவிட்டார். வாப்பா லுஹர் தொழுதுவிட்டு வரட்டும், பணம் கேட்க வேண்டும்.