ஜிபிஎஸ் கேமராவுடன் சீனா போய்வந்தேன்: படுத்தியது நம் ஊர் மேசைதான்

ஜிபிஎஸ் உள்ள கேமராவுடன் சீனாவுக்குப் போகிறேன் என்றதும் காரைக்குடியில் ஆளுக்கொரு பயத்தைக் காட்டினார்கள். கேமராவைப் பிடுங்கிக்கொள்வார்கள், மெமரி கார்டை அழித்துவிடுவார்கள், தனி அறையில் உட்காரவைத்து விசாரிப்பார்கள் என்றெல்லாம் சொன்னார்கள். அங்கே நடந்தது கொஞ்சம்தான். என்னை உண்டு இல்லை என்று ஆக்கியது, விமானம் ஏறுவதற்கு முன்னால் தமிழ் பேசும் ஒரு சுங்க மேசை. அந்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இதே மாதிரி கேமராவுடன் கிளம்புகிறவர்களுக்காவது பயன்படட்டும்.

கேமராவில் ஜிபிஎஸ் எதற்கு என்று கேட்பவர்கள் செட்டிநாட்டு வீடு ஒன்றில் முகப்பு வழியாக நுழைந்து கடைசிக் கட்டு வழியாக வெளியே வந்து பார்க்க வேண்டும். நுழைந்தது ஒரு தெரு, வெளியே வந்தது அடுத்த தெரு. கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி என்று ஊர் ஊராக வீடுகளைப் படமெடுக்கும் எனக்கு, இரவு கணினியில் உட்காரும்போது பர்மாத் தேக்குக் கதவுகள் எல்லாம் ஒரே முகமாகத் தெரியும். வீட்டுக்கார ஆச்சிகளுக்கு மட்டும் அப்படித் தெரியாது. “தம்பி, இது எங்கள் நிலை இல்லை, பங்காளி வீட்டு நிலை” என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். படத்துக்குள்ளேயே அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிந்துவிட்டால் இந்தப் பஞ்சாயத்து இல்லை. அதற்காக வாங்கிய கேமரா அது.

போன இடம் குவான்சோ, ஃபூஜியன் மாகாணத்துத் துறைமுக நகரம். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ஊர். நம் வணிகர்கள் சிவன் கோயில் கட்டிய ஊர். செட்டிநாட்டு வீடுகளை எடுத்த அதே கேமரா, அதே லென்ஸால் அந்தக் கற்களையும் எடுக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். விசா ஏஜென்ட் வழியாகத் தொல்லையில்லாமல் வந்தது. டிக்கெட்டில் மட்டும் ஓர் எச்சரிக்கை: ஏஜென்ட் முதலில் குவாங்சோவுக்குப் போட்டுவிட்டார். அது வேறு மாகாணம், வேறு பெருநகரம். நல்லவேளையாகப் பணம் கட்டும் முன் கண்ணில் பட்டது. பிறகு கோலாலம்பூர் வழியாக ஷியாமென், அங்கிருந்து ரயில் என்று மாற்றிக்கொண்டோம்.

சீனாவின் சட்டம் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவு. அங்கே நில அளவைக்கும் வரைபடத் தயாரிப்புக்கும் தனிச் சட்டம் உண்டு. 2017இல் திருத்தி இறுக்கியிருக்கிறார்கள். வெளிநாட்டவர் அனுமதி இல்லாமல் நிலத்தை அளக்கக் கூடாது. சுற்றுலாப் படம் எடுப்பது அளவை ஆகாதுதான். ஆனால் நூற்றுக்கணக்கான படங்களில் ஆயத்தொலைவு (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) பதிந்திருந்தால் அதைப் பார்ப்பவருக்கு என்ன தோன்றும் என்பது நம் கையில் இல்லை. சுங்கத்தில் தனிப் பட்டியல் இருக்கிறது: சமிக்ஞையை அனுப்பவும் பெறவும் கூடிய வயர்லெஸ் கருவிகளைக் கொண்டுவரக் கட்டுப்பாடு. கேமராவின் ஜிபிஎஸ் எதையும் அனுப்புவதில்லை. செயற்கைக்கோள் சொல்வதைக் கேட்டுக்கொள்வதோடு சரி. இந்த வேறுபாட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் வாதாடிய எல்லா இடத்திலும் என்னைக் காப்பாற்றியது இதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜிபிஎஸ் ஓடினாலும் அங்கே அரைப் பயன்தான். சீன வரைபடங்கள் ஜிசிஜே-02 என்ற தனி முறையில், வேண்டுமென்றே நகர்த்தி வரையப்பட்டவை. கேமரா தரும் எண்ணை அப்படியே அதில் போட்டால் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி, யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையில் போய் விழும். பானாசோனிக் கேமராக் கையேடுகளில், சீனாவிலும் அதை ஒட்டிய எல்லைப் பகுதிகளிலும் ஜிபிஎஸ் வேலை செய்யாமல் போகலாம் என்றே அச்சிட்டிருக்கிறார்கள். ஆகவே அணைத்துவிட்டுப் போவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

அணைப்பது என்றால் மெனுவுக்குள் போய் அணைப்பது. கேனான் 6டி போன்ற சில மாடல்களில் ஜிபிஎஸ்ஸை இயக்கி வைத்திருந்தால், பவர் சுவிட்சை அணைத்த பிறகும் அது செயற்கைக்கோளைத் தேடிக்கொண்டே இருக்கும், பேட்டரியும் தீரும். அணைத்த பிறகு மொட்டைமாடியில் நின்று ஒரு படம் எடுத்து, அதன் தகவல் பக்கத்தில் ஆயத்தொலைவு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய மெமரி கார்டுகளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கைபேசிக் கேமராவுக்கும் இருப்பிட அனுமதியை நிறுத்துங்கள். பெரிய கேமராவை அணைத்துவிட்டுச் சட்டைப்பையில் ஜிபிஎஸ் ஓடவிடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இனி அந்த மேசைக்கு வருகிறேன். விலையுயர்ந்த கேமராவை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும்போது, இது இங்கிருந்தே போனது என்று சுங்கத்தில் ஓர் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். திரும்பும்போது புதிதாக வாங்கி வந்தாயா, தீர்வை கட்டு என்று யாரும் கேட்க முடியாது. நல்ல ஏற்பாடு. அதை முன்கூட்டியே வாங்கிவிடலாம் என்று காரைக்குடியிலிருந்து வண்டி வைத்துக்கொண்டு விமான நிலையம் போனால், பயண நாளன்று, போர்டிங் பாஸ் கையில் இருந்தால்தான் தருவோம் என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். முன்னதாகத் தொலைபேசியில் கேட்டபோது “எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்” என்று சொன்னவர் யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. டீசல் காசு போனது.

பயண நாளன்று மேசையில் இருந்தவர் என் பில்லை வாங்கிப் பார்த்தார். கடைக்காரர் அதில் கேமராவின் பெயருக்குப் பின்னால், கேட்காமலேயே, “வித் ஜிபிஎஸ்” என்று அடித்து வைத்திருந்தார். விரல் அந்த இடத்தில் நின்றது.

“ஜிபிஎஸ்ஸா? இதெல்லாம் சாட்டிலைட் கருவி. கொண்டுபோகக் கூடாது.”

“சார், சாட்டிலைட் போன்தான் கூடாது. இது கேமரா.”

“சாட்டிலைட்டோடு பேசுமா, பேசாதா?”

“பேசாது சார். கேட்கும்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. டெலிகாம் துறையிலிருந்து ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வேண்டும் என்றார். அப்படி ஒரு கடிதம் கேமராவுக்கு யாரும் தருவதில்லை என்றேன். அப்படியானால் கேமராவை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்றார். வீட்டிலிருந்து வந்த வண்டி அதற்குள் புதுக்கோட்டையைத் தாண்டியிருக்கும். பின்னால் வரிசை, முன்னால் கடிகாரம். அவருடைய மேசையிலேயே இருந்த கைபேசியில் ஜிபிஎஸ் இல்லையா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள், ஜெயிப்பதைவிட விமானம் ஏறுவது முக்கியம்.

கையேட்டின் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்திருந்தேன். ஜிபிஎஸ் ஒரு பெறும் கருவி என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையால் கோடும் போட்டிருந்தேன். அதை நீட்டினேன்; படிக்க மறுத்தார். மேலதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று தாழ்ந்த குரலில் திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் ஓர் அம்மா வந்தார். கேமராவை வாங்கினார், மெனுவைத் திறக்கச் சொன்னார், அணைந்திருப்பதைப் பார்த்தார். “இதை ஏன் நிறுத்தி வைத்தீர்கள்?” என்ற கேள்வி என்னைப் பார்த்துக் கேட்கப்பட்டதல்ல. ஐந்து நிமிடத்தில் சான்றிதழ் எழுதப்பட்டது. எழுதியவர் முதலில் மறுத்த அதே மனிதர்தான். எழுத்தில் கோபம் தெரிந்தது.

சான்றிதழைக் கையில் வாங்கியதும் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். கேமரா உடலின் வரிசை எண்ணையும் லென்ஸின் வரிசை எண்ணையும் ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்கு உடலுக்கு நேராக லென்ஸின் எண்ணை எழுதியிருந்தார். அங்கேயே நின்று திருத்த வைத்து, திருத்தத்தின் மேல் கையெழுத்தும் முத்திரையும் வாங்கினேன். அந்த இரண்டு நிமிடத்துக்கு அவர் பார்த்த பார்வை இருக்கிறதே!

ஷியாமென் விமான நிலையத்தில் பையை ஸ்கேனரில் விட்டார்கள், எடுத்துக்கொள் என்றார்கள். அவ்வளவுதான். ரயில் நிலையச் சோதனையிலும் கேமராவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

குவான்சோவின் கையுவான் கோயிலைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது. பெரிய மண்டபத்தின் பின்புறத்தில், நம் கோயில் ஒன்றிலிருந்து வந்த இரண்டு தூண்கள், கண்ணன் கதைகளும் நரசிம்மரும் செதுக்கியவை, புத்தர் கோயிலின் கூரையைத் தாங்கி நிற்கின்றன. எந்தக் கல் எங்கே என்பதை ஜிபிஎஸ்ஸுக்குப் பதிலாக நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன்: எந்த வாசல், எந்தப் பக்கம், எத்தனையாவது தூண். கூடவே ஒவ்வோர் இடத்திலும் பெயர்ப்பலகையை ஒரு படம். ஊருக்கு வந்து பார்த்தபோது ஒரு கல்லிலும் குழப்பம் இல்லை.

வம்பு வந்தது ஷியாமென் கடற்கரையில், அதுவும் என் கேமராவால் வரவில்லை. மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்து என்னோடு சேர்ந்துகொண்ட சித்தப்பா மகனுக்கு மலையேறும் பைத்தியம். கையடக்க ஜிபிஎஸ் கருவி ஒன்றை விடாமல் சுமந்து வந்திருந்தான். கோலாலம்பூரிலேயே வேண்டாம் என்றேன். “அண்ணே, இது சும்மா பொம்மை” என்றான். எதிரே கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கின்மென் தீவுகள். அவை தைவானின் ஆளுகையில் இருப்பவை. அந்தக் கரையில் நின்றுகொண்டு இவன் ஆரஞ்சு நிறப் பெட்டியை உயர்த்திப் பிடித்துச் சிக்னல் பார்க்கிறான்.

சீருடை அணிந்த இருவர் வந்தார்கள். குரலை உயர்த்தவில்லை. கைபேசி மொழிபெயர்ப்பில் கேள்விகள்: யார், எதற்கு, எதை அளக்கிறீர்கள்? “அளக்கிறீர்கள்” என்று திரையில் பார்த்ததும் எனக்குக் கை சில்லிட்டது. என் கேமராவையும் வாங்கினார்கள். ஜிபிஎஸ் அணைந்திருந்தது, எந்தப் படத்திலும் ஆயத்தொலைவு இல்லை, எல்லாம் கல்லும் தூணும். ஏற்றுமதிச் சான்றிதழில் ஒரு சொல்கூட அவர்களுக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் முத்திரை போட்ட காகிதம் என்று இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்கள். கேமரா உடனே திரும்பி வந்தது. பொம்மைக்குத்தான் விசாரணை. அதில் அவன் நடந்த தடமெல்லாம், ஷியாமென் தெருக்கள் உட்பட, கோடு கோடாகச் சேமித்திருந்தது. பக்கத்து அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், தடங்களை அவன் கையாலேயே அழிக்க வைத்து, பாஸ்போர்ட்டைப் படமெடுத்துக்கொண்டு, பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். வெந்நீர்கூடக் கொடுத்தார்கள். அன்று பார்க்க நினைத்திருந்த அருங்காட்சியகம் அதற்குள் மூடிவிட்டது.

ஊர் திரும்பியபோது சுங்கத்தில் கேமராப் பையைத் திறக்கச் சொன்னார்கள். சான்றிதழை நீட்டினேன். அந்த அதிகாரி எண்ணை ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டார், திருத்திய இடத்தில் நிறுத்தினார், முத்திரையைப் பார்த்தார், போகலாம் என்றார். முதலில் எழுதியபடியே விட்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

வெளிநாட்டிலிருந்து செட்டிநாட்டுக்குத் திருமணம், படைப்பு (முன்னோருக்குப் படையல் வைக்கும் குடும்ப வழிபாடு) என்று வருகிற சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பக்கம் வரும்போது கட்டுப்பாடு உள்ள நாடு நம்முடையதுதான். கேமராவின் ஜிபிஎஸ்ஸால் பிரச்சினை இல்லை. ஆனால் சாட்டிலைட் போனும், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கார்மின் இன்ரீச் போன்ற கருவிகளும் அனுமதி இல்லாமல் கொண்டுவரக் கூடாதவை. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தையும் 1933ஆம் ஆண்டு வயர்லெஸ் தந்திச் சட்டத்தையும் காட்டி வழக்குப் போட்டிருக்கிறார்கள். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் கனடாப் பெண் ஒருவர் இன்ரீச்சுடன் பிடிபட்டது செய்தியிலும் வந்தது.

ஈப்போக்காரன் அடுத்த படைப்புக்கு வருகிறான். புதிதாக இன்ரீச் வாங்கியிருக்கிறானாம். அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வா என்று சொல்லியிருக்கிறேன். “அண்ணே, அணைத்துப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வருகிறேனே” என்று இன்னும் பேரம் பேசிக்கொண்டிருக்கிறான்.