சிட்டுக்குருவி என்று எழுதிவிட்டு அடித்தேன்

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில், சிறுவர் கதை என்றால் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பை மாற்றியது ஒரு பறவை.

ஃபிரான்சஸ் ஹாட்ஜ்சன் பர்னெட்டின் ‘தி சீக்ரெட் கார்டன்’ 1911-இல் புத்தகமாக வந்தது. அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சுருக்கித் தரச் சொல்லியிருந்தார்கள். இந்தியாவில் பெற்றோரைக் காலராவுக்குப் பறிகொடுத்த மேரி, இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போகிறாள். அங்கே பத்து வருடமாகப் பூட்டிக் கிடக்கும் தோட்டத்துக்கு அவளுக்கு வழிகாட்டுவது ராபின் என்ற, சிவந்த மார்புள்ள ஒரு சின்னப் பறவை.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ராபின் தெரியாதே என்று முதலில் ‘சிட்டுக்குருவி’ என்று எழுதினேன். எட்டு அத்தியாயம் வரை இடிக்கவில்லை. பிறகு திருத்துவதற்காக முதலிலிருந்து படித்தபோது, தோட்டக்காரக் கிழவர் பென் சொல்லும் இடத்தில் நின்றுவிட்டேன். கூட்டில் கூடப் பிறந்ததெல்லாம் பறந்துபோக, தனித்துப்போன குஞ்சு தன்னிடம் திரும்பி வந்தது என்கிறார் அவர். அதைக் கேட்ட பிறகுதான், தானும் தனிமையில் இருப்பது மேரிக்குப் புரிகிறது. சிட்டுக்குருவி கூட்டமாகக் கீச்சிட்டுத் திரியும் பறவை. அதன் வாயில் இந்தத் தனிமையை எப்படி வைப்பது? எழுதியதை எல்லாம் அடித்தேன். குண்டுகரிச்சானை யோசித்தேன். நன்றாகப் பாடும்தான், ஆனால் அதற்குச் சிவந்த மார்பு இல்லை. கடைசியில் ‘ராபின்’ என்றே வைத்து, அது எப்படிப்பட்ட பறவை என்று கதைக்குள்ளேயே இரண்டு வரி சேர்த்தேன்.

அந்த இரண்டு வரிக்காக ராபினைப் பற்றிப் படித்தபோதுதான் நாவலே எனக்குத் திறந்தது. இங்கிலாந்தின் ராபின் குளிர்காலத்திலும் தனக்கென்று ஓர் இடம் பிடித்து, அதைப் பாடியே காக்கும். யாராவது மண்ணைக் கொத்தினால் புழுவுக்காகப் பக்கத்திலேயே வந்து நிற்கும். கதையிலும் அப்படித்தான். நாய் ஒன்று அகழெலியைத் தேடித் தோண்டிப்போட்ட புதுமண்ணில் ராபின் புழு தேடுகிறது. அங்கேதான் துருப்பிடித்த சாவி கிடக்கிறது. மறுநாள் ராபின் பக்கத்தில் இருக்கும்போதே காற்று கொடியை விலக்கிக் கதவைக் காட்ட, மேரி அதை மந்திரம் என்கிறாள். பறவையோ தன் வயிற்றுப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அது நிஜமான பறவையாக இருப்பதால்தான் அடையாளமாகவும் நிற்கிறது என்பது என் நம்பிக்கை.

முதல் அத்தியாயத்தில் வரும் பாம்பும் இப்படித்தான். எல்லோரும் செத்தோ ஓடியோ போன பங்களாவில், பாயின் மேல் ஒரு சின்னப் பாம்பு ஊர்ந்து கதவுக்கு அடியில் வெளியேறுகிறது. பாம்பு என்றதும் நாம் விஷத்தை நினைப்போம். இங்கே அது மேரியை விட்டுப் போகும் கடைசி உயிர். அதே அத்தியாயத்தில் அவள் செம்பருத்திப் பூக்களைப் பறித்து மண்குவியலில் குத்தி வைத்து விளையாடுகிறாள். வேரில்லாத தோட்டம்! அந்தப் பூவுக்கு நான் சொல் தேட வேண்டியிருக்கவில்லை.

மேரியின் நண்பன் டிக்கனோடு நரிக்குட்டி, காகம், அணில்கள் எல்லாம் வரும். அவற்றையெல்லாம் விட என்னை அதிகம் வேலை வாங்கியது அவன் பேசும் யார்க்‌ஷயர் வட்டாரச் சொல் ஒன்று: ‘விக்’. பட்டுப்போனது போலிருக்கும் ரோஜாக் கிளையைக் கத்தியால் சீவி, உள்ளே பச்சையைக் காட்டி அதைச் சொல்கிறான். ‘உயிருள்ளது’ என்று எழுதினால் பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. என் அம்மா வாடிய ரோஜாத் தண்டை நகத்தால் கீறிப் பார்த்து, “இன்னும் உசிரு இருக்கு” என்பார். அதையே டிக்கனுக்குக் கொடுத்தேன்.

ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். இந்த நாவலில் இந்தியா என்றால் வெக்கை, சோர்வு, நோய். யார்க்‌ஷயர் காற்று என்றால் ஆரோக்கியம். ஆயாவை அறைந்து வளர்ந்த பிள்ளை அங்கே போய்த்தான் மனுஷியாகிறாள். இயற்கையை இவ்வளவு நேசித்த எழுத்தாளருக்கு நம் மண் மட்டும் நோயின் அடையாளமாகிப் போனது எனக்கு வலித்தது. அதை மழுப்பவில்லை. ஆயாவின் மரணத்தைச் சுருக்கப் பதிப்பிலும் விடாமல் வைத்தேன்.

பக்கம் கூடிவிட்டது, ராபின் ஜோடி கூட்டிலிருந்து பார்க்கும் பகுதியை எடுத்துவிடலாம், கதை அங்கே நகரவில்லை என்றார்கள் வேலை கொடுத்தவர்கள். அப்போதுதான் நான் முதல்முறையாக மறுத்துப் பேசினேன். சக்கர நாற்காலியில் வந்த மாமா மகன் காலின் எழுந்து நடக்கப் பழகுவதை ராபின் முதலில் பயத்தோடு பார்க்கிறது. அடைகாக்கும் பெட்டைக்கும் கவலை. அப்புறம் ஆண் ராபினுக்குத் தான் பறக்கப் பழகிய நாள் ஞாபகம் வருகிறது: கொஞ்ச தூரம் போவது, உட்கார்ந்து மூச்சு வாங்குவது, மறுபடி போவது. இந்தப் பையனும் பறக்கத்தான் பழகுகிறான், நம் முட்டைக்குள் இருப்பவையும் இப்படித்தான் பழகும் என்று பெட்டைக்குச் சொல்கிறது. அதுவரை பறவையை மனிதர்கள் பார்த்தார்கள். இங்கே பறவை மனிதர்களைப் பார்க்கிறது. இதை எடுத்தால் ராபின் வெறும் சாவி காட்டும் பறவையாகிவிடும் என்றேன். சரி, வேறு எங்கேயாவது குறைத்துக் கொடுங்கள் என்றார்கள். மாமாவின் வீட்டு வர்ணனையில் ஒன்றரைப் பக்கம் குறைத்துக் கொடுத்தேன்.