ஜாமீன் கிடைத்தும் உள்ளேதான்

வியாசர்பாடியில் எங்கள் தெரு அக்கா ஒருவர், மகனுக்கு ஜாமீன் கிடைத்துப் பத்து நாளாகியும், உத்தரவு நகலை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு ஜாமீன் நிற்க ரெண்டு பேரைத் தேடி வீடு வீடாக ஏறி இறங்குகிறார். ஜாமீன் நிற்பவரிடம் வீட்டு வரி ரசீது கேட்கிறார்கள்; வாடகை வீட்டில் இருப்பவர்களிடம் அது ஏது?

ஜாமீன் கிடைத்து 7 நாளில் கைதி வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர், இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. ஏழை விசாரணைக் கைதிகளுக்கு ஜாமீன் தொகை கட்டப் பணம் தரும் ஒன்றிய அரசுத் திட்டமும் இருக்கிறது. அக்காவிடம் இதை யாருமே சொல்லவில்லை.

சரி, இதனால் எத்தனை பேர் வெளியே வந்தார்கள், ஜாமீன் கிடைத்தும் எத்தனை பேர் உள்ளே கிடக்கிறார்கள்? சிறைவாரியாக மாதாமாதம் அரசு அதை வெளியிடட்டும். நாளைக் காலை அக்காவோடு சட்ட உதவி மையத்துக்குப் போகிறேன்.