மூச்சை அடக்கிய அந்தச் சில விநாடிகள்

ரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோ அறையில் டெக்னீஷியனாகச் சேர்ந்த புதிதில், சிறுநீரக நோயைக் கிரியேட்டினினும் (சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கழிவு) சிறுநீர்ப் பரிசோதனையும் மட்டுமே காட்டிக்கொடுக்கும் என்று நினைத்திருந்தேன். அப்புறம் ஒருநாள் அந்தப் பெண் வந்தார். வயது முப்பதுகூட ஆகவில்லை. மூன்று வகை மாத்திரை போட்டும் ரத்த அழுத்தம் இறங்கவில்லை. டாப்ளர் ஸ்கேனில் வலது சிறுநீரகத் தமனியில் ரத்தம் அளவுக்கு மீறிய வேகத்தில் பாய்ந்தது, தமனி சுருங்கியிருப்பதன் அறிகுறி.

தமனி சுருங்கினால் சிறுநீரகம் தனக்கு ரத்தம் போதவில்லை என்று ரெனின் என்ற நொதியைச் சுரக்கும். உடம்பு முழுக்க அழுத்தம் ஏறும். நாய்களின் சிறுநீரகத் தமனியைக் கவ்வியால் இறுக்கி, அழுத்தம் ஏறுவதை அமெரிக்க மருத்துவர் கோல்ட்பிளாட் 1934-இல் காட்டினார்.

தொடைத் தமனி வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் போனது. எங்கள் கருவி முதலில் ஒரு எக்ஸ்ரே படம் எடுக்கும், பிறகு ரத்தக் குழாயைத் துலங்கக் காட்டும் சாயத்தைச் செலுத்தி இன்னொன்று. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் எலும்பெல்லாம் மறைந்து ரத்தக் குழாய் மட்டும் நிற்கும். நடுவில் நோயாளி அசைந்தால் எல்லாம் பாழ். சாயம் ஏறியதும் உடம்பு சுடும் என்று நான் முன்கூட்டியே சொல்லவில்லை. அவர் பதறி, அடக்கியிருந்த மூச்சை வெளியே விட்டுவிட்டார், படம் கலங்கிப்போனது. சாயத்தை மறுபடியும் செலுத்த வேண்டியதாயிற்று. அது என் தவறு.

"கொஞ்சம் சூடா இருக்கும்மா, பயப்படாதீங்க. மூச்சைப் பிடிச்சுக்கோங்க."

இந்த முறை தமனியின் நடுப்பகுதி, மணி கோத்த மாலைபோலத் திரையில் வந்தது. ஃபைப்ரோமஸ்குலர் டிஸ்பிளாசியா, அதாவது தமனிச் சுவரே சீரில்லாமல் வளர்ந்து குழாயைச் சுருக்கும் நோய். வயதானவர்களுக்குக் கொழுப்பு படிந்து வரும் அடைப்பு பெரும்பாலும் மகாதமனியிலிருந்து கிளை பிரியும் வாயிலேயே இருக்கும், இது அப்படியல்ல. பலூனால் விரித்தார்கள், ஸ்டென்ட் தேவைப்படவில்லை.

அன்று வீணான சாயம் மனதை விட்டு அகலவே இல்லை. அயோடின் கலந்த அந்தச் சாயம், ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகத்தை மேலும் பாதிக்கக்கூடும். அதனால் இப்போதெல்லாம் ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் எண்ணைப் பார்க்கும் முன் தேதியைப் பார்க்கிறேன். அப்படித்தான் ஒரு பெரியவரின் ரிப்போர்ட் ஆறு வாரம் பழையது என்று கண்ணில் பட்டது. டாக்டரிடம் சொன்னேன். மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தால் கிரியேட்டினின் நன்றாகவே ஏறியிருந்தது.

சரி, சாயத்துக்குப் பதில் கார்பன் டைஆக்சைடு வாயுவைச் செலுத்தலாம் என்று டாக்டர் முடிவெடுத்தார். வாயுவில் படம் அவ்வளவு கூர்மையாக வராது, ஒன்றுக்கு மூன்று தடவை எடுத்தோம். அவர் மூன்று முறையும் கண்ணை மூடி, அசையாமல் மூச்சை அடக்கிக்கொண்டார். இடது தமனியின் வாயில் இருந்த அடைப்பு, ஒரு சொட்டு அயோடின்கூட உள்ளே போகாமல், திரையில் தெரிந்தது.