டாவோவுக்கு மருத்துவம் படிக்க வருகிறீர்களா? முதலில் பிசாயா, அப்புறம் தகாலோக்

பிலிப்பைன்ஸின் டாவோ நகரில் மருத்துவம் படிக்கப் புதிதாகச் சேரப்போகும் பிள்ளைகள் போனில் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, அங்க இங்கிலீஷ் போதும்தானே?" என்பதுதான். வகுப்புக்குப் போதும். பாடம், புத்தகம், தேர்வு, கேஸ் ஷீட் எல்லாம் ஆங்கிலம்தான். கடைப் பலகை, வங்கிப் படிவம், அரசு அலுவலகக் காகிதம் எதை எடுத்தாலும் ஆங்கிலம் இருக்கும். இதைக் காட்டித்தான் "மொழிப் பிரச்சினையே கிடையாது" என்று சொல்லி நம்மை விமானம் ஏற்றுகிறார்கள். நானும் அதை நம்பித்தான் வந்தேன். வார்டில் கால் வைத்த அன்றுதான் தெரிந்தது, மருத்துவம் படிப்பது ஆங்கிலத்தில், பார்ப்பது பிசாயாவில் என்று.

எந்த மொழி என்பதிலேயே பலருக்குக் குழப்பம். இந்த நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் இருக்கின்றன. 1937-ல் அதிபர் கேசோன் தகாலோகைத் தேசிய மொழிக்கு அடிப்படையாக அறிவித்தார். அதன் மேல் எழுந்த பிலிப்பினோவும் ஆங்கிலமும்தான் 1987 அரசியலமைப்பின்படி ஆட்சி மொழிகள். ஆனால் டாவோ இருப்பது மிண்டனாவோ தீவில். இங்கே வீட்டிலும் சந்தையிலும் பேசுவது பிசாயா, புத்தகப் பெயர் செபுவானோ. இலோய்லோவுக்குப் போகிறவருக்கு அது ஹிலிகைனோன், பாகியோவுக்குப் போனால் இலோகானோ, சம்போவாங்காவில் ஸ்பானிய வாடை அடிக்கும் சவகானோ. ஆகவே சீட்டு உறுதியானதும் முதல் வேலை, அந்த ஊரில் நோயாளிகள் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று அங்கே படிக்கும் ஒருவரிடம் கேட்பது. டாவோவில் தகாலோக் எல்லோருக்கும் புரியும், பேசவும் செய்வார்கள், பள்ளியிலும் டிவியிலும் அதுதானே. செபுவானோவின் சொந்த ஊரான செபு தீவுப் பக்கம் போனால் தகாலோகில் கேட்ட கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் வருவது உண்டு. மணிலாக்காரர்கள் பிசாயா உச்சரிப்பைக் கேலி செய்வது அவர்களுக்குப் பழைய காயம். அந்தக் காயத்தின் மேல் நாம் போய்க் கை வைக்க வேண்டாம்.

இந்த விவரம் எதுவும் தெரியாமல், வருவதற்கு முன் மூன்று மாதம் ஆப் வைத்து தகாலோக் படித்தேன். முதல் வருடம் அது நன்றாகவே ஓடியது. அப்புறம் ஒரு அரசு மருத்துவமனையின் பொது வார்டில் ஒரு வயதான அம்மாவிடம் நோய் வரலாறு கேட்க அனுப்பினார்கள். அவர் படுக்கவில்லை, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றியிருந்தார். "லிசோட் அகோங் கின்ஹாவா, டாய்" என்றார். தகாலோகில் கின்ஹாவா என்றால் நிம்மதி, சௌகரியம். சரி, உடம்பு சௌகரியமாக இல்லை என்கிறார் என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். பிசாயாவில் கின்ஹாவா என்றால் மூச்சு. "மூச்சு விடக் கஷ்டமா இருக்கும்மா" என்று அவர் என்னிடம் நேராகவே சொல்லியிருக்கிறார். ஊன்றிய கையைப் பார்த்தே கண்டுபிடித்திருக்க வேண்டும், அதுவும் செய்யவில்லை. சீனியர் தாளைப் படித்துவிட்டு அங்கேயே எதுவும் சொல்லவில்லை. வராண்டாவுக்குக் கூட்டிப்போய், "கின்ஹாவா என்றால் என்னவென்று உன் பிசாயா நண்பர்களைக் கேட்டுப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார். அன்று இரவே தகாலோக் நோட்டை மூடிவைத்தேன்.

இப்படி ஒரே ஒலியில் வேறு பொருள் தரும் சொற்கள் நிறைய. லங்காம் என்பது தகாலோகில் எறும்பு, பிசாயாவில் பறவை. லிபோக் பிசாயாவில் குழப்பம், "லிபோக் கோ" என்றால் எனக்குக் குழப்பமாக இருக்கிறது என்று அர்த்தம், அதையே தகாலோக்காரரிடம் சொன்னால் காம இச்சை என்று பொருள் போய்விடும். ஜாக்கிரதை. சுகா என்பது அழுத்தத்தைப் பொறுத்து வாந்தியும் ஆகும், வினிகரும் ஆகும்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இங்கே ஒரு பெரிய வசதி இருக்கிறது, அதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஆங்கிலத்தில் ஒரே 'வீ'தான். பிசாயாவில் கேட்பவரையும் சேர்த்தால் கீதா, சேர்க்காவிட்டால் காமி. அப்படியே நம் நாமும் நாங்களும். வெள்ளைக்காரர்கள் புத்தகம் போட்டுப் படிக்கும் விஷயம் நமக்கு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். வழியில் பார்க்கிறவர்கள் "சாப்பிட்டாச்சா?", "எங்கே கிளம்பிட்டீங்க?" என்று கேட்பார்கள், அது விசாரணை இல்லை, நம் ஊரில் கேட்பது மாதிரியேதான். "குண்டாயிட்டியே" என்று முகத்துக்கு நேரே சொல்வதும் உண்டு. உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவதும் நம் வழக்கம்தானே? மூத்தவர் குயா அல்லது மனோங், அக்கா முறைக்கு ஆதே அல்லது மனாங், வயதில் சின்னப் பையன் டோங், சின்னப் பெண் டாய். அம்மா நானாய், அப்பா தாதாய். சுருக்கிக் கூப்பிடும்போது அம்மா "நாய்" ஆகிவிடுவார், அப்பா "தாய்" ஆகிவிடுவார். முதல் வாரம் நம் வாயில் வராது. கூச்சப்படாமல் சொல்லிப் பழகுங்கள், அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் கட்டிலில் இருப்பவரின் முகமே மாறிவிடும்.

மரியாதை விஷயத்தில் நம் பிள்ளைகள் அறியாமலே சறுக்குவது ஒரு இடத்தில். தமிழில் மரியாதை பெரும்பாலும் வினையின் வாலில் இருக்கும் அந்த 'ங்க'வில் இருக்கிறது, "குடுங்க" என்றால் போதும், தனியாக எதுவும் தேவையில்லை. அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது வால் உதிர்ந்துபோய் 'கிவ் மீ' மட்டும் நிற்கும். கேட்கிறவருக்கு அது அதட்டல். தகாலோகில் இதற்கு 'போ' என்ற ஒட்டு இருக்கிறது. பிசாயாவில் அதுவும் கிடையாது. அங்கே மரியாதை உறவுமுறைச் சொல்லிலும் குரலின் மென்மையிலும் 'பலிஹுக்' (தயவுசெய்து) என்ற சொல்லிலும்தான் இருக்கும். நர்ஸிடம், காவலாளியிடம், கேன்டீன் ஆளிடம் எதைக் கேட்டாலும் முன்னால் ஒரு பலிஹுக் வையுங்கள்.

குரல் என்றதும் ஞாபகம் வருகிறது. நாங்கள் ஆறு பேர் ஒரு வீட்டு மாடியில் இருந்தோம். சனிக்கிழமை இரவு சமைத்துக்கொண்டே சத்தமாகப் பேசுவோம், அது நமக்கு சந்தோஷப் பேச்சு. ஒரு நாள் வீட்டில் வேலை பார்க்கும் அக்கா வந்து, "உங்களுக்குள்ள ஏதாவது சண்டையா? வீட்டுக்கார அம்மா கவலைப்படறாங்க" என்றார். வீட்டுக்கார அம்மா தினமும் படிக்கட்டில் சிரித்துக்கொண்டு போவார், ஒரு வார்த்தை சொன்னதில்லை. இங்கே மனத்தாங்கல் அப்படித்தான் வரும், மூன்றாம் ஆள் வழியாக, விசாரிப்பு வடிவத்தில். அதைப் புகார் என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் ஆனது. நேரில் முகம் சுளிப்பது அவர்களுக்குப் பெரிய அவமானம். தகாலோகில் ஹியா, பிசாயாவில் உலாவ், இரண்டும் அந்தக் கூச்சத்தைக் குறிக்கும் சொற்கள்.

இந்த உலாவ் வார்டில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாகிவிடும். மருந்து வாங்கினீர்களா என்று கேட்டால் ஆமாம் என்பார்கள். காசில்லாமல் வாங்காமல் இருந்திருப்பார்கள். நான் சொன்னது புரிந்ததா என்றாலும் ஆமாம்தான். அதனால் புரிந்ததா என்று கேட்கவே கேட்காதீர்கள், "எந்த மாத்திரை எப்போது போடுவீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்று அவர் வாயாலேயே வரவழையுங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் துணைக்கு இருப்பவரை பந்தாய் என்பார்கள், உண்மை பல நேரம் அவரிடம்தான் கிடைக்கும். தனியாகக் கேளுங்கள்.

உடல் மொழியும் ஒரு பாடம். "வலிக்கிறதா?" என்று கேட்பேன், நோயாளி புருவத்தை லேசாக உயர்த்துவார். புரியவில்லை போல என்று மறுபடி கேட்பேன், மறுபடி புருவம். மூன்றாம் முறை பந்தாய்தான் "ஆமாம்னு சொல்றாங்க" என்றார். இங்கே புருவத்தை உயர்த்தினால் ஆமாம். இடம் காட்ட விரலை நீட்ட மாட்டார்கள், உதட்டைக் குவித்துக் காட்டுவார்கள். நம் தலையாட்டலோ அவர்களுக்குப் பிடிபடாது. வாய்மொழித் தேர்வில் நான் பவ்யமாகத் தலையை இருபக்கமும் ஆட்டிக்கொண்டிருக்க, தேர்வாளர் "ஆமாமா, இல்லையா?" என்று மூன்று தடவை கேட்டார். தேர்வு அறைக்குள் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு வாயால் பதில் சொல்லுங்கள்.

கேஸ் ஷீட் எழுதும்போது இன்னும் இரண்டு இடம். அவர்கள் மொழியில் அவன், அவள் என்ற பிரிவு கிடையாது, தகாலோகில் எல்லோரும் சியா. அதனால் ஆங்கிலத்தில் பேசும்போது அம்மாவை 'ஹீ' என்பார்கள். குடும்ப வரலாற்றில் சர்க்கரை இருப்பது அம்மாவுக்கா அப்பாவுக்கா என்று பெயர் சொல்லிக் கேட்டு உறுதி செய்யுங்கள். அடுத்தது எண்கள். உசா, துஹா, துலோ என்று பத்து வரை மனப்பாடம் செய்துவிட்டு வார்டுக்குப் போனால் ஒன்றும் பிடிபடாது, ஏனென்றால் வயது, விலை, மணி எல்லாம் ஸ்பானிய எண்களில்தான் வரும். பெயிந்தே 20, திரெந்தா 30, சிங்க்வெந்தா 50, அலாஸ் ஓச்சோ எட்டு மணி. முதலில் இவற்றைப் படியுங்கள். 'மெயின்டனன்ஸ்' என்று யாராவது சொன்னால் பிரஷருக்கோ சர்க்கரைக்கோ தினமும் போடும் மாத்திரை என்று அர்த்தம். 'ஹைபிளட்' என்றால் ரத்த அழுத்தம். கழிவறை எங்கும் 'சி.ஆர்.'தான்.

உங்களைப் பும்பாய் என்று கூப்பிடுவார்கள். இந்தியர் எல்லோருக்கும் இங்கே அந்தப் பெயர்தான், சந்தையில் பெரிய வெங்காயமும் சிபுயாஸ் பும்பாய். மோட்டார் சைக்கிளில் வந்து ஐந்து கொடுத்து ஆறு வசூலிக்கும் வட்டிக்காரர்கள், பெரும்பாலும் பஞ்சாபிகள், நெடுங்காலமாக இங்கே இருப்பதால் அந்தச் சொல்லோடு அந்த பிம்பமும் சேர்ந்து வரும். அடம்பிடிக்கும் குழந்தையை "பும்பாய் பிடிச்சிட்டுப் போயிடுவான்" என்று மிரட்டும் வழக்கமும் உண்டு. குழந்தைகள் வார்டில் ஒரு பாட்டி என்னைக் காட்டி அப்படிச் சொல்ல, பேரன் வீறிட்டு அழுதான். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. நான் குனிந்து, "தாகா இந்தியா கோ, எஸ்துதியாந்தே கோ" என்று சொல்லி ஸ்டெதாஸ்கோப்பை அவன் கையில் கொடுத்தேன். பாட்டி கூச்சத்தோடு எனக்கு ஒரு பிஸ்கட் நீட்டினார். பெரும்பாலானவர்கள் வன்மம் வைத்துச் சொல்வதில்லை, ஆனாலும் அது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் சிரித்த முகத்தோடு உங்கள் பெயரைச் சொல்லுங்கள், அடுத்த நாளிலிருந்து பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், மூன்று வேளையும் சோறு. பங்கெரோஹான் சந்தைக்குப் போனால் கருவாடு புலாட் என்ற பெயரில் குவிந்திருக்கும். முருங்கைக்கீரை கமுங்காய், பிள்ளை பெற்றவளுக்கு அதைப் போட்டுத்தான் சூப் வைத்துக் கொடுப்பார்கள். சைவக்காரர்கள் மட்டும் கவனம், காய்கறி என்று கொடுப்பதிலும் பன்றித் துண்டோ இறால் விழுதோ கிடக்கும், ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

படிக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். இலக்கணப் புத்தகத்தில் தொடங்காதீர்கள். நோய் வரலாற்றுக்குத் தேவையான பத்துக் கேள்விகளை ஒரு சின்ன நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். உன்சா இமோங் கிபாதி, என்ன செய்கிறது? கனுஸா நாக்சுகோட், எப்போது தொடங்கியது? அசா தாபிட் அங் சகிட், எந்த இடத்தில் வலி? கேள்வி சுலபம், பதில்தான் கஷ்டம். ஆகவே பக்கத்துப் பக்கத்தில் வரக்கூடிய பதில்களை எழுதுங்கள்: காய்ச்சல் ஹிலாநாத், பேதி கலிபாங்கா, தலைவலி லபாட், மூச்சு கின்ஹாவா. ஜீப்னியில் (இங்கத்திய ஷேர் வேன்) இறங்க "லுகார் லாங்" என்று நீங்களே குரல் கொடுங்கள், பக்கத்து நண்பன் சொல்லட்டும் என்று இருக்காதீர்கள். நம் ஆட்களோடு மட்டும் அறை எடுத்தால் நாலு வருடத்திலும் மொழி வராது, ஒரு பிசாயா பெண்ணாவது அறையில் இருக்கட்டும். வார்டில் வேலை பார்த்தபடி படிக்கும் கிளர்க்ஷிப், இங்கத்திய மருத்துவப் பட்டமான எம்.டி.யின் கடைசி வருடம்தானே, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர்கள், இருபத்து நாலு மணி நேர டியூட்டிக்கு நடுவே மொழி படித்துத் திணறியதைப் பார்த்திருக்கிறேன். தகாலோகை ஒரு வருடம் கழித்துத் தொடங்குங்கள், பாதிச் சொற்கள் தெரிந்தவையாகவே இருக்கும்.

ஒன்று விட்டுப்போச்சு. குழந்தையை அழகாக இருக்கிறது என்று சொன்னால் கையோடு "புவேரா புயாக்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். கண்ணு படக்கூடாது என்பதற்கு இங்கே அதுதான் சொல். சொல்லாமல் விட்டால் அம்மா எதுவும் கேட்க மாட்டார், ஆனால் குழந்தையைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொள்வார்.